ஆறு கேன் கடல்

1983 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவு தூறல் போட்டிருந்தது. கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்தேன், அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தேன், சவரம் செய்துகொண்டேன். வெள்ளிக்கிழமை ஆனதால் என் மனைவி எனக்கு முன்பே குளித்துவிட்டு, ஈர மண்ணில் கோலப்பொடி நிற்கவில்லை என்று வாசலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்த மீன் தொட்டியில் நீர் குறைந்திருந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் சிவப்புப் பெயிண்டில் நான் இழுத்திருந்த கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை. கொதிக்கவைத்து ஆற்றிய மழைத்தண்ணீரை ஒரு செம்பு ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். காற்றுப் பம்பின் மேல் கை வைத்துச் சூடு பார்த்தேன். வழக்கமான சூடுதான்.

ஆறு மணிக்குத் தொட்டியின் மேல் தொங்கிய பல்பைப் போட்டேன். சங்கு நண்டுகள் நான்கும் தங்கள் சங்குகளை விட்டு வெளியே கிடந்தன.

சங்குக்குள் குடியிருக்கும் அந்த நண்டு உயிர் இருக்கும்வரை சங்கை விட்டு இறங்காது. பெரிய சங்கு கிடைத்தால் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் பின்னுடம்புக்கு ஓடு கிடையாது, தோலுரித்தது போல மெத்தென்று இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இறால்கள் வெளுத்து, ஒருக்களித்துக் கிடந்தன. கல்லில் பூப்போல ஒட்டி வாழும் கடல் சாமந்தி செவ்வாய்க்கிழமை முதலே விரியவில்லை. இப்போது அது சளி உருண்டையாகச் சுருங்கியிருந்தது. ஆறு கீச்சான் மீன் குஞ்சுகளில் இரண்டு மிதந்தன. மற்ற நான்கும் பம்பின் குமிழிகளுக்கு அருகே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

நான் என் மனைவியை உடனே கூப்பிடவில்லை. 

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஜவ்வாது மலையில் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தேன். மலையில் கம்பவுண்டர் என்றே சொல்வார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மனைவி கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில் பிறந்தவள். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் பேச்சுக்குச் சுவர் கிடையாது. அடுப்படியில் நின்றபடியே மூன்றாம் வீட்டுக்காரியோடு சண்டை போட்டு, சமாதானமாகி, குழம்புக்குப் புளியும் கடன் வாங்குவார்கள். அங்கிருந்து அவளை நான் அழைத்துவந்த குடியிருப்பில் மூன்றே வீடுகள். ஒன்று மருத்துவருக்கு; அவர் திருப்பத்தூரிலிருந்து வந்துபோவார், வீடு பூட்டியே இருக்கும். இன்னொன்று ஆளில்லாமல் ஓடு சரிந்துகிடந்தது. சுற்றிலும் சாமை வயல், புளியமரம், அதற்கு அப்பால் காடு. மலைப் பெண்கள் மருந்துக்கு வருவார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். சர்க்கார் வீட்டு வாசற்படியில் ஏறமாட்டார்கள். பால் கொண்டுவரும் பெண்கூட முற்றத்தில் நின்று சொம்பை நீட்டுவாள்.

மூன்று வருஷம் என் மனைவி இதைப் பொறுத்தாள். மாறுதலுக்கு நான் எழுதியதெல்லாம் வீணானது. மூன்றாவது தடவையும் இல்லை என்றான அன்று, சோறு போட்டபடியே சொன்னாள்.

"இன்னாங்க, இங்க என் கொரலையே நான் கேட்டுக்னு இருக்கேன். செவுத்துக்கு வாய் இருந்தா அதுகூடச் சண்டையாவது போடலாம். நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போய்டறேன். நீங்க ரிட்டயர்டு ஆனதும் வந்து சேருங்க."

கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஓய்வு பெற இன்னும் பதினான்கு வருஷம் இருந்தது.

கடல்மீன் தொட்டி யோசனை எனக்கு எப்படி வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது மூர் மார்க்கெட்டில் கடல்மீன்கள் வைத்திருந்த ஒரு கடையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். கடைக்காரர் நல்ல மனிதர். வாங்கமாட்டேன் என்று தெரிந்தும் பேசினார். "நன்னீர் மீனு கோழி வளக்குற மாதிரி சார். கடல் மீனு மாமியார வச்சிக் காப்பாத்துற மாதிரி. இரும்பு ஆகாது, சோப்பு ஆகாது, அவசரம் ஆகவே ஆகாது. தண்ணி பழுக்கணும் சார். மீன அப்பறந்தான் உடணும்." அவர் சொன்னதையெல்லாம் ரயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். பம்பு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, கண்ணாடி ஒட்டும் பசைக் குழாய் ஆகியவற்றை அவரிடமே வாங்கினேன்.

கண்ணாடியைத் திருப்பத்தூரில் அறுத்து வாங்கி, வீட்டில் வைத்து ஒட்டினேன். இரும்புச் சட்டம் போடவில்லை. பசை காயும்வரை ஒரு வாரம் வீடு முழுக்கக் காடி நாற்றம். என் மனைவி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "பொணத்துக்குக் கண்ணாடிப் பொட்டி செய்யறீங்களா, யாருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. "கடலப் பொட்டியில போட்டு எனக்குச் சீதனமா? சரி, ஊரு போறத அது நாறுற வரைக்கும் தள்ளி வக்கிறேன்" என்றாள். அவ்வளவு நாள்தான் எனக்குக் கெடு என்று புரிந்துகொண்டேன்.

தொட்டிக்கு ஆறு கேன் தண்ணீர் வேண்டியிருந்தது. செயற்கை உப்பெல்லாம் நாங்கள் கேள்விப்படாத காலம். மைத்துனர் படகில் போய், கரைத் தண்ணீர் கலங்கல் என்று ஆழத்திலிருந்து மொண்டு தந்தார். மூன்று மூன்று கேன்களாக இரண்டு நடையில், கடலூரிலிருந்து திருவண்ணாமலை, போளூர் என்று பஸ் மாறி மாறிக் கொண்டுவந்தேன். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் பஸ்ஸுக்குள் ஏறிக் கேன்களைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? சரக்கா?"

"கடல் தண்ணீர்."

"எல்லாருந்தான் எதனா ஒரு தண்ணி பேரு சொல்றாங்க."

கண்டக்டர் முன்பக்கத்திலிருந்து, "சரக்கு மேலருந்து கீழதான் போவும் சார். கீழருந்து மேல ஏத்தறதுக்கு அவுரு இன்னா பைத்தியமா?" என்றார்.

போலீஸ்காரர் மூடியைத் திறந்து விரலை விட்டு நக்கினார். துப்பினார். "கடலேதான்யா. அப்ப பைத்தியந்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டி இருட்டறையில் வைத்திருந்து பிறகு தொட்டியில் ஊற்றினேன். அடியில் ஓட்டைத் தட்டு, அதன் மேல் நான்கு விரல் உயரத்துக்கு உடைத்த கிளிஞ்சல். அழுக்கைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தக் கிளிஞ்சலில் குடியேற வேண்டும். அதைத்தான் கடைக்காரர் பழுப்பது என்றார். கிருமிக்குத் தீனியாக ஒரு துண்டு கருவாட்டைப் போட்டு, நாற்றமெடுத்து, கலங்கி, மறுபடி தெளியும்வரை காத்திருந்தேன். மின்சாரம் போகும் நேரத்துக்கு ஒரு லாரி ட்யூபில் சைக்கிள் பம்பால் காற்றடைத்து, பழைய குளுக்கோஸ் குழாயை அதன் வாயில் பொருத்தினேன். குழாயின் திருகை அளவாகத் திறந்துவைத்தால் இரண்டு மணி நேரம் குமிழி விடும். உப்பின் அளவைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குப்பி வைத்திருந்தேன், பாலில் தண்ணீர் பார்ப்பது போன்றது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பதை என் மனைவிக்குச் சொல்லிப் புரியவைத்தேன். "கடலுக்கு மழை பெய்யற மாதிரி" என்றாள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லமுடியாது.

ஜூன் மாதம் மீன்களையும் நண்டுகளையும் கொண்டுவந்து விட்டோம். எல்லாம் கழிமுகத்தில் பிடித்த சாதாரண உயிர்கள். காசு கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மழைக்கு ஒதுங்கிய பால்காரப் பெண் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். ஒரு சங்கு தானாக நடந்து போவதைக் கண்டாள்.

"கம்பவுண்டரம்மா, சங்கு நடக்குதுமா."

"உள்ள வந்து பாரேன். நடக்குது, உன்ன ஒண்ணும் பண்ணாது."

மலையில் யாரையும் 'நீ' என்றுதான் சொல்வார்கள். என் மனைவியும் அப்படியே பழகியிருந்தாள். அந்தப் பெண் சொம்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. மறுநாள் அவளோடு இரண்டு பேர். பிறகு சாயங்காலங்களில் ஆறேழு பெண்கள் வருவது வழக்கமாயிற்று. அவர்களில் கடலைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. விரலை நனைத்து ருசி பார்த்தார்கள்.

"கடலு இம்புட்டுதானா?"

"இது அது கொப்புளிச்சித் துப்புனது. கடலப் பாத்தா நீ புருசனயே மறந்துடுவ."

"அதுக்குக் கடலு எதுக்கு? சந்தைக்குப் போனாலே மறந்துடுவேன்."

சுகாதார நிலையத்திலிருந்து திரும்பும்போது இந்தச் சிரிப்பு சாமை வயல் வரைக்கும் கேட்கும். நான் உடனே வீட்டுக்குள் போகமாட்டேன். ஆண் வந்தால் அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று புளியமரத்தடியிலேயே நிற்பேன். புயல் அன்று படகுகள் திரும்பிய கதை, சுறா வலையைக் கிழித்த கதை, எதிர்வீட்டுக்காரி ஓடிப்போன கதை என்று என் மனைவி பேசிக்கொண்டே இருப்பாள். ஊருக்குப் போவதைப் பற்றி அவள் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அன்று காலை அவளைக் கூப்பிட்டபோது இதெல்லாம்தான் என் மனதில் இருந்தது. கோலப்பொடிக் கையோடு வந்து பார்த்தாள். சங்குக்கு வெளியே கிடந்த நண்டை வெகுநேரம் பார்த்தாள்.

"நேத்து சோறு போட்டப்போ வந்து எடுத்துச்சே."

உப்பு சரியாக இருந்தது. பம்பு ஓடியது. தண்ணீர் நாறவில்லை. உயிரோடிருந்த நான்கு குஞ்சுகளை, மீன்களோடு கொண்டுவந்து மாற்றுவதற்கென்று வைத்திருந்த கடல் தண்ணீரில், ஒரு வாளியில் எடுத்துவிட்டேன். தொட்டியில் கையை விட்டுக் கிளிஞ்சலைக் கிளறினேன். மூலையில், தட்டை ஒட்டி, விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஓட்டைக் காலணா. மறுபடி கிளறினேன். இன்னொன்று, இன்னொன்று. எல்லாவற்றின் ஓரத்திலும் பச்சை பூத்திருந்தது.

செல்லாமல் போன பிறகும் அந்தக் காசுக்கு மலையில் மதிப்புண்டு. நடுவே ஓட்டை இருப்பதால் குழந்தைகளின் அரைஞாணில் கோத்துக் கட்டுவார்கள். காத்து கருப்பு அண்டாது என்பார்கள். அது செம்பு. பாசியையும் நத்தையையும் கொல்லத் தெளிக்கிற மயில்துத்தமும் செம்புதான். மருந்தறையில் அது என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சீசாவில் இருந்தது. உப்புத் தண்ணீரில் செம்பைப் போட்டுக் காற்றையும் விட்டுக்கொண்டிருந்தால் அது கரைந்து விஷமாகும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"இது எப்படி உள்ளே வந்தது?"

என் மனைவி காசுகளைப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஆடிப் பதினெட்டு அன்னிக்கி நீங்க மருந்து எடுக்கப் போளூர் போய்ட்டீங்க இல்ல. அதுங்க எல்லாம் குளிச்சி, பூ வச்சிக்கினு வந்துச்சிங்க. ஆத்துக்குப் போறதுக்கு பதுலா இங்கயே கும்புட்டுக்கறோம், கடலாத்தாவே இங்க இருக்குறாளேன்னு. மஞ்சத்தூளு குங்குமம் போட வந்துச்சிங்க, நான் உடல. மீனு செத்துப்பூடும்னு சொல்லி, வெளிய கண்ணாடி மேலயே வக்கச் சொன்னேன். காசுதானேன்னு அத உட்டேன். எங்க ஊர்ல கடல்ல எவ்ளோ காசு போடறாங்க. எந்த மீனு செத்துச்சி?"

"அது கடல்."

"தெரியுது." காசு ஒன்றைப் புரட்டிப் பார்த்தபடி, "உங்களுக்குத் தெரிஞ்சா எடுத்துடுவீங்கன்னு நாந்தான் கிளிஞ்சல் அடியில தள்ளி வச்சேன்" என்றாள்.

மேற்கொண்டு பேச நேரமில்லை. ஊசிகளைக் கொதிக்கவைக்க எட்டு மணிக்கு நான் சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். போனேன். சிரிஞ்சுகளைக் கொதிக்கவைத்தேன், சளிக்கும் வயிற்றுக்கும் மருந்து கலக்கி வைத்தேன். கூட்டம் அதிகம். மழைக்காலத்து வயிற்றுப்போக்கு.

மத்தியானம் சாப்பிட வந்தபோது வாளியில் இருந்த நான்கும் செத்திருந்தன. என் மனைவி கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். பால்காரப் பெண் வந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

"இன்னா கம்பவுண்டரம்மா, சங்கு ஒண்ணும் நடக்கலியேன்னா.  அழுவயா முடியும் அவகிட்ட? வாய் சும்மா இருக்காம, 'உங்க காசத் தின்னுட்டுச் செத்துப்பூட்டா உங்க கடலாத்தா'ன்னுட்டேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். எங்க தெருவா இருந்தா 'உன் கைராசி'ன்னு திருப்பிக் குடுத்திருப்பாளுங்க."

"அவள் என்ன சொன்னாள்?"

"சிரிக்கல. காசு எங்கன்னு கேட்டா. காட்டுனேன். அவ புள்ள அரைஞாணுல இருந்த காசு எதுன்னு தேடிப் பாத்தா. தொடல. 'ஏத்துக்கலியா'ன்னு கேட்டுட்டுப் போய்ட்டா. சொம்பக்கூட எடுத்துனு போவல."

சொம்பு படியில்தான் இருந்தது. பால் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி வழக்கம் போல வேர்க்கடலை வேகவைத்து வைத்தாள். நான் சீக்கிரமே வந்துவிட்டேன். அவள் வாசலைப் பார்த்தபடி இருந்தாள். நான் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு, வயலில் ஊற்றினால் பயிர் கருகும் என்பதால் கிழக்கே இருந்த வெறும் பாறை வரைக்கும் கொண்டுபோய் ஊற்றினேன். ஒவ்வொரு நடையிலும் பாதையில் ஆள் வருகிறதா என்று பார்த்தேன். விறகு சுமந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் பாதையை விட்டு இறங்கி, வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போனார்கள். என் மனைவி கூப்பிட்டாள். ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், நிற்கவில்லை.

இருட்டும் நேரத்துக்கு எங்கள் நிலையத்து உதவியாளர் சாவி கொடுக்க வந்தார். மலைக்காரர்தான். அவரும் படியேறவில்லை.

"சார், தப்பா நெனச்சிக்காத. அதுங்க இனிமே வராதுங்க."

"அது காசில் இருந்த செம்பு. அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. நான் வந்து எடுத்துச் சொல்கிறேன்."

"செம்புன்னு நீ சொல்ற. காணிக்கை போட்டாங்க, சாமி திரும்பிக்கிச்சி. அந்த மாதிரி வூட்டுக்குப் பொம்பளைங்க கால் வக்க மாட்டாங்க. அடுத்த ஆடிப் பதினெட்டு வந்து, ஊரு கூடிப் பூச போட்டு, அப்பறந்தான். அதுவரைக்கும் பாலு வேணும்னா நானே கொண்டாந்து பாறைமேல வச்சிட்டுப் போறேன்."

அவர் எங்களுக்கு நல்லதுதான் சொன்னார். போய்விட்டார். வேர்க்கடலைப் பாத்திரம் ஆறிப்போயிருந்தது. என் மனைவி அதில் கொஞ்சம் எடுத்து உரித்தாள், சாப்பிடாமல் திரும்பப் போட்டாள்.

"இரண்டு வாரம் பொறு" என்றேன். "காசையெல்லாம் எடுத்தாயிற்று. கிளிஞ்சலைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடலாம். உன் அண்ணனுக்கு எழுதி..."

"தண்ணி வரும். மீனு வரும். அது தெரியும் எனக்கு." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "நான் மீனையா பாத்துக்னு இருந்தேன் இத்தினி நாளா?"

அவள் வேர்க்கடலைப் பாத்திரத்தை மூடி ஓரமாகத் தள்ளினாள்.

"ஒரு வருஷம்னு சொல்றாரு அவுரு. மூணு வருஷம் இருந்தேன். பேச ஆளு இருந்தா எப்டி இருக்கும்னு இங்க எனக்குத் தெரியாது அப்போ. இப்போ தெரிஞ்சிபோச்சி. இனிமே என்னால ஆவாது. காலையில மொத பஸ்ஸுக்குப் போறேன். நீங்க ஒண்ணும் பண்ணலங்க. நீங்க பண்ணதெல்லாம் சரியாத்தான் பண்ணீங்க."

அதற்குப் பிறகு அவள் எழுந்து புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். நான் ஈரத் துணியால் தொட்டியின் உட்பக்கத்தைத் துடைத்தேன். உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, ஒரே தடவையில் போகவில்லை. பம்பை நிறுத்தியிருந்ததால் வீட்டில் சத்தமே இல்லை. எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். ரசமும் அப்பளமும். மருத்துவமனைச் சோற்றைவிட மோசம் என்று அவள்தான் சொன்னாள். உப்பு போட மறந்திருந்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து, முகம்கூடக் கழுவாமல், போளூர் பஸ் இரவில் நிற்கும் ஆலமரத்தடிக்குப் போனேன். கண்டக்டர் சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கி, "எத்தினி இடம் சார்?" என்றார். ஒன்று என்றேன். கீழே இறங்கும் வழியெல்லாம் காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும் என்பதால், வலப்பக்கம் மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன்.